ஹார்ட் டிஸ்கைக் கணிப்பொறி ஏற்க மறுத்தால்

(சங்க அலுவலர்களுக்கும் அங்கத்தினர்களுக்கும் ஒரு பாடம்)

1904ஆம் ஆண்டில் திரூர் என்னும் சிற்றூரில் விவசாயக் கடன் சங்கமும், அதே ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் பண்டகசாலைச் சங்கமும் தோன்றிய காலத்தில், சங்கக் கணக்கு என்றால் காகிதப் பேரேடுதான். அதனைக் கறையான் அரிக்கலாம்; மழை நனைக்கலாம். எனினும் அது அலமாரியில் இருக்கும் வரையில், எழுத்தறிந்த எந்த அங்கத்தினரும் கேட்டு வாங்கி, தம் பெயருக்கு எதிரே உள்ள தொகையைத் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ள முடிந்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. நாடெங்கும் சுமார் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்குவதற்கு 2,516 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஏற்றது. நெசவாளர் சங்கங்களிலும் பங்குத் தொகை, கூலிக் கணக்கு, சிக்கன நிதி, இருப்புப் பட்டியல், கரை டிசைன் யாவும் கணிப்பொறியில் ஏறிவிட்டன. அவற்றின் நகலை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எடுத்து அலமாரியில் பூட்டி வைப்பதும் வழக்கமாகிவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பெட்டிக்குள் சங்கமே அடங்கியிருக்கிறது என்றாலும் மிகையாகாது.

ஆனால் காகிதப் பேரேட்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பேரேட்டைப் படிக்கக் கண்ணும் வெளிச்சமும் போதும். டிஸ்கைப் படிக்கவோ மின்சாரம், கேபிள், இணைப்புப் பலகை, கணிப்பொறி, எழுதப்பட்ட முறை ஆகிய ஐந்தும் ஒருங்கே வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் டிஸ்க் ஊமையாகிவிடும். அப்பொழுது பதற்றமின்றி, வெளியிலிருந்து உள்நோக்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்வது எப்படி என்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

அசோக் நகரில் நேர்ந்தது

சென்னை அசோக் நகரில், அசோகத் தூணிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தூரத்தில், கைத்தறிச் சங்கம் ஒன்றின் விற்பனை நிலையம் இருக்கிறது. சங்கத்தின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. இந்நிகழ்ச்சி எந்தச் சங்கத்திலும் நேரக்கூடியதே. தணிக்கைக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. அலுவலகத்துக் கணிப்பொறி சென்ற வாரத்தில்தான் பழுதாகி, புதியது ஒன்று வந்திருந்தது. பழைய கணக்கெல்லாம் வெளி டிஸ்கில் இருக்கிறது என்ற தைரியத்தில் காரியதரிசி அதனை எடுத்துப் புதிய கணிப்பொறியில் செருகினார். டிஸ்கின் சிறு விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றுமே தோன்றவில்லை. எடுத்துச் செருகினார், மீண்டும் எடுத்துச் செருகினார். பத்து முறை செய்தும் பலன் இல்லை.

நாம் அங்கே போய்ச் சேர்ந்தபோது மூவர் மூன்று விதமாக யோசனை கூறிக்கொண்டிருந்தனர். டிஸ்க் செத்துவிட்டது என்றார் ஒருவர். திறந்து பார்த்துவிடலாம் என்றார் மற்றொருவர். உறையில் இட்டுக் குளிர்ப்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் சரியாகிவிடும் என்று எங்கோ கேட்டதைச் சொன்னார் மூன்றாமவர். காரியதரிசியின் முகம் வாடியிருந்தது. டிஸ்கின் விலை சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால் அதற்குள் இருந்தது நெசவாளர் ஒவ்வொருவரும் கூலியில் பிடித்துச் சேர்த்த சிக்கன நிதியின் கணக்கு. அது போனால் யாருக்கு எவ்வளவு என்று எந்த ஆதாரத்தைக் கொண்டு கூறுவது?

அந்த டிஸ்க் என்னவாயிற்று என்பதைப் பாடத்தின் போக்கிலேயே கூறுவோம்.

டிஸ்கினுள் இருப்பது என்ன?

துளையிட்ட அட்டையைக் கொண்டு தறிக்குக் கட்டளையிடும் முறையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைநாட்டியவர் பிரான்சு தேசத்து லியோன் நகரத்தவரான ஜக்கார்டு. அவ்வகை அட்டையே பிற்காலத்தில் கணக்குக்கும் வந்தது. 1890ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜனத்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டே எண்ணினார். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனி முதல் ஹார்ட் டிஸ்கை வெளியிட்டது. அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன; கொண்ட எழுத்துகளோ 50 லட்சம் மட்டுமே. தறியில் பழகிய நமக்கு, அட்டையில் துளை இருக்கிறதா இல்லையா என்பதும், தட்டில் காந்தப் புள்ளி இப்பக்கம் திரும்பியிருக்கிறதா அப்பக்கமா என்பதும் ஒரே தத்துவம் என்பது எளிதில் விளங்கும்.

இன்றைய சிறு டிஸ்கினுள் பளபளப்பான தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று வேகத்தில் சுழல்கின்றன. படிக்கும் முனை தட்டைத் தொடாமல் அதன்மேல் மிதந்து செல்கிறது. அந்த இடைவெளி நம் தலைமயிரின் பருமனில் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு தூசி அந்த முனைக்கு மலை போன்றது. ஆகவேதான் டிஸ்கை வீட்டிலோ அலுவலகத்திலோ திறக்கவே கூடாது என்கிறோம். சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் வகையும் இப்போது வழக்கில் உள்ளது. அதில் ஓசை கேட்காது. ஏனைய சோதனைகள் பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவே.

தட்டுகள் உள்ள டிஸ்குக்கும் வெளியே தெரியும் யூ.எஸ்.பி. துளைக்கும் நடுவே ஒரு சிறு இணைப்புப் பலகை இருக்கிறது. டிஸ்கின் பேச்சைக் கணிப்பொறிக்கு மொழிபெயர்த்துச் சொல்வது அதன் வேலை. டிஸ்க் நலமாக இருந்து இப்பலகை மட்டும் கெட்டுப்போவதும் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதற் படி: வெளியே பாருங்கள்

கிணற்று மோட்டார் ஓடவில்லை என்றால் விவசாயி உடனே பம்பைக் கிணற்றிலிருந்து தூக்குவதில்லை. கம்பத்தில் மின்சாரம் வருகிறதா, பியூஸ் போயிருக்கிறதா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கிறார். தூக்குவது கடைசி வேலை. டிஸ்குக்கும் இதே முறைதான்.

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். மெல்லிய சுழலும் ஓசையும் சிறு அதிர்வும் இருந்தால் தட்டு சுழல்கிறது, நம்பிக்கைக்கு இடமுண்டு. ‘டக், டக்’ என்று ஒரே சீராகத் தட்டும் ஓசை கேட்டால், படிக்கும் முனை தன் இடத்தைக் காணாமல் தடுமாறுகிறது என்பது பொருள். அக்கணமே கேபிளைக் கழற்றிவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுப்பதும் தட்டின்மேல் உளியை வைத்து இழுப்பதற்குச் சமம். இவ்வகைப் பழுதுக்கு இப்பாடத்தில் மருந்தில்லை. அதற்குரிய வழியைப் பின்னர்க் கூறுவோம்.

இரண்டாவதாகக் கேபிள். டிஸ்க் ஊமையாவதற்கு அடிக்கடி காரணமாவது இதுவே. கழுத்துப் பகுதியில் மடிந்து மடிந்து உள்ளே கம்பி அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. மற்றொரு சூழ்ச்சியும் உண்டு. யூ.எஸ்.பி. கேபிளில் மின்சாரம் செல்லும் கம்பிகள் வேறு, செய்தி செல்லும் கம்பிகள் வேறு. கைப்பேசிக்கு மின்னேற்றுவதற்கென்றே மலிவாக விற்கப்படும் சில கேபிள்களில் செய்திக் கம்பியே இருப்பதில்லை. அத்தகைய கேபிளைச் செருகினால் விளக்கு எரியும், தட்டும் சுழலும். கணிப்பொறிக்கோ ஒரு சொல்லும் எட்டாது.

அசோக் நகரில் நடந்தது இதுவே. கேபிளை உற்று நோக்கினோம். டிஸ்கின் அகன்ற துளையில் ஒரு பாதியை மட்டும் நிரப்பிக்கொண்டு ஒரு கைப்பேசிக் கேபிள் செருகப்பட்டிருந்தது. அகன்ற துளையின் பெரிய பாதி பழைய கைப்பேசிக் கேபிளையும் ஏற்றுக்கொள்ளும் வகையில் அமைந்தது. ஆகையால் பொருந்தவில்லை என்ற ஐயமே எழவில்லை. டிஸ்கோடு வந்த கேபிள் எங்கே என்று விசாரித்ததில், சில மாதங்களுக்கு முன் அது பழுதாகி எறியப்பட்டது என்று தெரிந்தது. இடையில் நகல் எடுத்தது வேறொரு கேபிளால். அதையும் யாரோ எடுத்துச் சென்றுவிட்டனர்.

மூன்றாவதாக மின்சாரம். சிறிய டிஸ்க் கணிப்பொறியிலிருந்தே மின்சாரம் பெறுகிறது. பழைய யூ.எஸ்.பி. 2 வகைத் துளை 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் தரும்படி அமைந்தது, யூ.எஸ்.பி. 3 வகை 900 மில்லி ஆம்பியர் தரும். பின்னதன் உட்புறம் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். தட்டு சுழலத் தொடங்கும் நேரத்தில் மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அப்போது குறைந்தால் டிஸ்க் ஒரு முறை முனகி ஓய்ந்துவிடும். ஆகவே முன்பக்கத் துளையை விட்டுக் கணிப்பொறியின் பின்பக்கத் துளையில் நேராகச் செருக வேண்டும். ஒரே துளையைப் பலவாக்கும் ஹப்பின் வழியே கொடுக்கலாகாது. பெரிய டிஸ்காயின் அதற்கென 12 வோல்ட் அடாப்டர் தனியே உண்டு. முனை பொருந்துகிறது என்பதற்காக மடிக்கணினியின் அடாப்டரை அதில் செருகிப் பலகையைக் கருக்கிவிடுவோர் உளர். அடாப்டரின் மேல் அச்சிட்டுள்ள வோல்ட் அளவைப் படிக்காமல் எதனையும் செருகாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது இங்கே பொது விதி. கேபிளையும் துளையையும் கணிப்பொறியையும் ஒருங்கே மாற்றினால், எதனால் சரியாயிற்று என்பது தெரியாமலே போய்விடும்.

இரண்டாம் படி: வேறு கணிப்பொறியில் பாருங்கள்

கேபிளும் மின்சாரமும் சரியென்று கண்டபின், டிஸ்கை வேறொரு கணிப்பொறியில் செருகுங்கள். அங்கே தெரிந்தால் குற்றம் முதற் கணிப்பொறியினுடையது. அதிலேயே வேறொரு டிஸ்கையோ சிறு பென் டிரைவையோ செருகிப் பார்த்தால், துளை கெட்டதா என்பதும் தெளிவாகும்.

குற்றம் கணிப்பொறியில் இருப்பின், விண்டோஸில் ‘டிவைஸ் மேனேஜர்’ என்னும் பகுதியைத் திறக்க வேண்டும். ஸ்டார்ட் பொத்தானின்மேல் எலியின் வலப்பொத்தானை அழுத்தினால் அப்பெயர் வரும். பட்டியலில் மஞ்சள் குறியோடு ஏதேனும் நின்றால், இயக்கும் நிரல் சரியாக அமையவில்லை என்பது பொருள். அவ்வுருப்படியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, டிஸ்கைக் கழற்றி, கணிப்பொறியை அணைத்து ஏற்றி, மீண்டும் செருகினால் அது புதிதாக அறிமுகமாகும். இவ்வாறு நீக்குவதனால் டிஸ்கில் எழுதியிருப்பது அழிவதில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கணிப்பொறி யூ.எஸ்.பி. துளையை உறங்கச் செய்வதும் உண்டு. அந்த அனுமதியை அதே இடத்தில் நீக்கிவிடலாம்.

மூன்றாம் படி: கணிப்பொறி என்ன காண்கிறது?

‘திஸ் பி.சி.’ பகுதியில் டிஸ்க் தோன்றவில்லை என்பதனால் கணிப்பொறி அதனைக் காணவேயில்லை என்று முடிவு செய்தல் தவறு. வாசலில் பெயர்ப்பலகை இல்லாத வீட்டிலும் ஆள் இருக்கலாம் அல்லவா? ஸ்டார்ட் பொத்தானின்மேல் வலப்பொத்தானை அழுத்தி ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்னும் பகுதியைத் திறந்தால் உண்மை நிலை தெரியும். அங்கே காணக்கூடியவை இவை:

1. டிஸ்க் நலமாக இருக்கிறது. ஆனால் அடையாள எழுத்து இல்லை. அல்லது அதே எழுத்து வேறொன்றுக்கு வழங்கப்பட்டிருக்கிறது. ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர்’ என்பதைத் தேர்ந்து புதிய எழுத்து ஒன்று கொடுத்தால் போதும். இதனால் இழப்பு ஏதும் இல்லை.

2. ‘ஆஃப்லைன்’ என்று குறிப்பிட்டிருக்கிறது. இடப்பக்கத்துக் கட்டத்தில் வலப்பொத்தானை அழுத்தி ‘ஆன்லைன்’ ஆக்கலாம்.

3. பகுதி இருக்கிறது; அது எம்முறையில் எழுதப்பட்டது என்பது விண்டோஸுக்குப் புரியவில்லை. இங்கே நின்று யோசிக்க வேண்டும். டிஸ்கில் கடைசியாக எழுதியது எந்தக் கணிப்பொறி? விண்டோஸ் என்.டி.எஃப்.எஸ். முறையில் எழுதுகிறது, ஆப்பிள் கணிப்பொறி வேறு முறையில் எழுதுகிறது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் முதலிய லினக்ஸ் வகைகள் ஈ.எக்ஸ்.டி. என்னும் முறையைக் கையாளுகின்றன. தமிழில் எழுதிய கடிதத்தைத் தமிழறியாதவர் கையில் கொடுத்தால் வெற்றுக் காகிதம் என்று கூறமாட்டார், விண்டோஸோ கூறிவிடுகிறது. எழுதிய வகைக் கணிப்பொறியிலேயே டிஸ்கைக் கொண்டுபோய்ச் செருகினால் எல்லாம் அப்படியே இருக்கக் காண்போம்.

4. ‘ரா’ என்று காட்டுகிறது. அல்லது ‘டிஸ்கை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ என்ற கேள்வி எழுகிறது. விண்டோஸிலேயே எழுதிய டிஸ்க் இவ்வாறு காட்டினால், அதன் முதற்பக்க அட்டவணை சிதைந்திருக்கிறது. பேரேட்டின் உட்பக்கங்கள் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். பொருளடக்கப் பக்கம் மட்டும் கிழிந்திருக்கிறது.

5. ‘அன்அலொக்கேட்டட்’ அல்லது ‘நாட் இனிஷியலைஸ்டு’ என்று காட்டுகிறது. கடையிலிருந்து வாங்கிவந்த புதிய டிஸ்காயின் இது இயல்பே. பயமின்றிப் புதிதாக அமைத்துக்கொள்ளலாம். கணக்கு எழுதிய பழைய டிஸ்காயின் ஒன்றையும் தொடாமல் நிறுத்த வேண்டும்.

6. பூட்டுச் சின்னம் தெரிகிறது. பிட்லாக்கர் என்னும் பூட்டு இடப்பட்டிருக்கிறது. கடவுச்சொல்லோ, பூட்டும்போது கொடுக்கப்பட்ட 48 இலக்க எண்ணோ இருந்தால் திறக்கும். அவ்வெண்ணைக் காகிதத்தில் எழுதி, சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைத்திருத்தல் வேண்டும்.

7. டிஸ்கே தெரியவில்லை, அல்லது ‘நோ மீடியா’ என்றிருக்கிறது. இணைப்புப் பலகையோ டிஸ்கோ பழுது. பலகை மட்டும் பழுதாயின், தேர்ந்தவர் டிஸ்கை உறையிலிருந்து எடுத்து வேறு பலகையில் பொருத்திப் படிக்கக்கூடும். சில வகைகளில் யூ.எஸ்.பி. துளை டிஸ்கின் பலகையோடு ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் பலகையே எழுத்தை மறைகுறியாக மாற்றி எழுதியிருக்கும். ஆகவே இதனை நாமே செய்து பார்ப்பது உசிதமன்று.

அசோக் நகருக்குத் திரும்புவோம். செய்திக் கம்பியுள்ள நல்ல கேபிள் ஒன்றை வருவித்து, கணிப்பொறியின் பின்பக்கத்தில் செருகினோம். கணிப்பொறி மணியோசை எழுப்பி டிஸ்கை வரவேற்றது. எல்லோரும் மகிழ்ந்தனர். மறுகணமே திரையில் அந்தக் கேள்வி எழுந்தது: டிஸ்கை ஃபார்மட் செய்யலாமா? மகிழ்ச்சியின் வேகத்தில் காரியதரிசியின் விரல் ‘ஆம்’ என்பதை நோக்கி நகர்ந்தது.

“ஐயா, அதை அழுத்தாதீர்கள்! ஆம் என்றால் மேலே புது மெழுகு பூசி எழுதத் தொடங்கிவிடும்” என்று குரல் கொடுத்தாள், விற்பனைப் பகுதியில் வேலை பார்க்கும் நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி. காரியதரிசி கையை எடுத்துக்கொண்டார். அன்று சங்கத்தைக் காப்பாற்றியது அந்த ஒரு சொல்தான் என்று கூறுவோம்.

செய்யத் தகாதவை

கணிப்பொறி பணிவோடு ஒரு கேள்வி கேட்பதனால் அதற்கு ‘ஆம்’ என்றே விடை சொல்ல வேண்டும் என்பதில்லை. அது அறிந்தது, தனக்கு இந்த டிஸ்க் புரியவில்லை என்பது மட்டுமே. உள்ளே சிக்கன நிதி இருப்பதை அது அறியாது. ஆகவே கணக்குள்ள டிஸ்கில் ‘ஃபார்மட்’, ‘இனிஷியலைஸ்’ என்னும் இரண்டுக்கும் எக்காலத்தும் இசையலாகாது.

டிஸ்கைச் சீர்திருத்தும் ‘செக் டிஸ்க்’ என்னும் கட்டளை விண்டோஸில் உண்டு. அது நல்ல வேலையாள்தான்; ஆனால் சீர்திருத்துகையில் டிஸ்கின்மேல் எழுதவும் செய்யும். நகல் எடுக்கும் முன்னர் அதனை ஏவக்கூடாது. மீட்கும் நிரலை அந்த டிஸ்கிலேயே நிறுவுதலும், மீட்ட கோப்பை அதிலேயே எழுதுதலும் அவ்வாறே தவறு. குளிர்ப்பெட்டியில் வைத்தால் உள்ளே ஈரம் படியும். தட்டுவதும் குலுக்குவதும் படிக்கும் முனையைத் தட்டின்மேல் மோதச் செய்யும்.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருகியபோது, ஆற்றங்கரையை ஒட்டிய ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை முதலிய இடங்களில் தரைத்தளமெல்லாம் நீரில் ஆழ்ந்தது. அத்தகைய வெள்ளத்தில் நனைந்த டிஸ்கை ‘உலர்ந்துவிட்டது’ என்று எண்ணி மின்சாரம் கொடுப்பது அதன் ஆயுளை முடித்துவிடும். நனைந்த டிஸ்கை உறையிலிட்டு, ஒரு முறைகூடச் செருகிப் பார்க்காமல், தேர்ந்த மீட்பு நிலையத்துக்கு அனுப்புவதே முறை.

நகல் முதலில், மருத்துவம் பின்னர்

முதற்பக்கம் சிதைந்த டிஸ்கைக் காக்கும் வழி ஒன்றுதான். அதன் எழுத்தை முதலிலிருந்து கடைசி வரையில், உள்ளது உள்ளபடி, வேறொரு புதிய டிஸ்குக்கு நகல் எடுக்க வேண்டும். மருத்துவத்தையெல்லாம் அந்த நகலின்மேல் செய்ய வேண்டும். பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்திவிட்டு முடிச்சிடுகிறோம். ஓட்டிக்கொண்டே முடிச்சிட முயல்வதில்லை.

இதற்கென ஜி.என்.யூ. டி.டி.ரெஸ்க்யூ என்னும் இலவச நிரல் லினக்ஸில் கிடைக்கிறது. படிக்க எளிதான இடங்களை முதலில் வாரிக்கொண்டு, கடினமான இடங்களைப் பின்னர்ச் சிறிது சிறிதாக முயல்வது அதன் சிறப்பு. நகல் எடுத்தபின் டெஸ்ட்டிஸ்க் என்னும் மற்றோர் இலவச நிரலைக் கொண்டு சிதைந்த அட்டவணையைச் சரிசெய்யலாம். என்.டி.எஃப்.எஸ். முறையில் முதற்பக்கத்தின் பிரதி ஒன்று பகுதியின் கடைசியில் எழுதி வைக்கப்படுகிறது. முன்னது கெட்டால் பின்னதைக் கொண்டு அதனைப் புதுப்பிக்க இயலும். இந்நிரல்களில் மூல டிஸ்க் எது, நகல் டிஸ்க் எது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று டிஸ்க் கணக்கின்மேல் எழுதப்பட்டுவிடும். பழக்கமில்லாதவர் தனியே இதில் இறங்க வேண்டாம்.

‘டக், டக்’ ஓசை, எரிந்த வாடை, நீரில் நனைந்தது, கீழே விழுந்தது ஆகியவற்றுக்கு நிரல்களால் பயனில்லை. தூசியற்ற அறை வைத்துள்ள மீட்பு நிலையத்துக்கே செல்ல வேண்டும். செலவு மிகும். முன்பணம் கொடுக்குமுன், மீட்க முடியாவிடில் கட்டணம் என்ன, மீட்டவற்றின் பட்டியலை முதலில் காட்டுவார்களா, அங்கத்தினர் விவரங்களை எவருக்கும் தராமல் காப்பார்களா என்று எழுத்தில் கேட்டுப் பெறுதல் காரியதரிசியின் கடமை.

அசோக் நகர் டிஸ்க் நலமான ஓசையோடு சுழன்றது; ஆகவே மீட்பு நிலையத்துக்குச் செல்ல வேண்டிய அவசியம் நேரவில்லை. ரிச்சி தெருவில் தொழில் புரியும் அனுபவசாலி ஒருவரை வரவழைத்தோம். புதிய டிஸ்க் ஒன்று வாங்கி, இரவு முழுவதும் நகல் எடுத்து, மறுநாள் நகலின்மேல் அட்டவணையைப் புதுப்பித்தார். பங்குப் பேரேடும் கூலிக் கணக்கும் முழுமையாகக் கிடைத்தன. கரை டிசைன் கோப்புகளுள் சில திறக்கவில்லை. சிக்கன நிதிக் கணக்கில் கடைசி மாதத்துக் கோப்பும் சிதைந்திருந்தது. அந்த ஒரு மாதத்தை ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளைப் பார்த்து மூவர் உட்கார்ந்து மீண்டும் எழுதினர். டிஸ்கைக் காகிதம் காப்பாற்றியது! தணிக்கை குறித்த நாளில் நடந்தது.

முதற்பக்கம் சிதைந்ததன் காரணம் என்ன? எழுதிக்கொண்டிருக்கும்போதே டிஸ்கைப் பிடுங்கும் வழக்கம் அங்கே இருந்தது. நாடா ஓடிக்கொண்டிருக்கும்போது தறியில் கையை விடுவோமா? ‘எஜெக்ட்’ என்பதை அழுத்தி, எடுக்கலாம் என்ற செய்தி வந்தபின் கழற்றும் பொறுமை ஒரு நிமிட வேலையே. பழைய கணிப்பொறி பழுதான நாளில் கடைசி நகல் அவசரமாக எடுக்கப்பட்டது என்பதும் பின்னர்த் தெரிந்தது.

சங்கம் செய்ய வேண்டியது

பழுது பார்க்கும் வித்தையைவிடப் பழுதினால் நட்டமடையாத ஏற்பாடே மேலானது. ஒரே டிஸ்கில் இருக்கும் கணக்கை நகல் என்று சொல்வதற்கில்லை. பழைய கணிப்பொறி போன அன்றே அந்த டிஸ்க் நகல் என்ற நிலையை இழந்து மூலமாகிவிட்டது. அதற்கு நகல் இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மூன்று, இரண்டு, ஒன்று என்ற விதியை நினைவில் கொள்ளுங்கள். கணக்கு மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ இருக்க வேண்டும். கணிப்பொறியும் டிஸ்கும் ஒரே அலமாரியில் இருந்தால் ஒரே வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகும். விற்பனை நிலையம் சென்னையிலும் தறிகள் கிராமத்திலும் உள்ள சங்கங்களுக்கு இது எளிது. இங்குள்ள பிரதி ஒன்று மாதந்தோறும் அங்கே போகட்டும். அங்குள்ளது இங்கே வரட்டும்.

நிர்வாகக் குழு கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாகவே நிறைவேற்றுதல் நலம்:

(அ) நகல் எடுக்கும் நாளும் எடுப்பவர் பெயரும் ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும்.

(ஆ) மாதம் ஒரு முறை, நகலிலிருந்து ஏதேனும் ஓர் அங்கத்தினரின் கணக்கை வேறு கணிப்பொறியில் திறந்து காட்டி, குழு உறுப்பினர் ஒருவர் கையொப்பமிட வேண்டும். திறந்து பார்க்காத நகல் வெறும் நம்பிக்கையே.

(இ) டிஸ்கோடு அதன் கேபிளையும் அடாப்டரையும் ஒரே பையில் கட்டி, ‘வேறு எதற்கும் எடுக்கலாகாது’ என்று எழுதி வைக்க வேண்டும்.

(ஈ) ஐந்தாண்டு உழைத்த டிஸ்கை நம்பிக்கொண்டிராமல், அது நன்றாக இருக்கும்போதே புதியதற்கு மாற்றிவிட வேண்டும்.

(உ) ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒவ்வோர் அங்கத்தினரின் பங்கும் சிக்கன நிதியும் காகிதத்தில் அச்சிடப்பட்டு அவரவர் கையில் சேர வேண்டும்.

கடைசியாகக் கூறிய தீர்மானமே எல்லாவற்றிலும் முக்கியமானது. இருநூறு வீடுகளில் உள்ள இருநூறு காகிதங்களை எந்த வெள்ளமும் ஒருங்கே கொண்டுபோக முடியாது. கூட்டுறவின் பலம் பலர் கையில் பரவியிருப்பதே. கணக்கின் பாதுகாப்பும் அவ்வாறே.

பயிற்சி வினாக்கள்

1. டிஸ்கின் விளக்கு எரிகிறது. கணிப்பொறியில் ஒன்றும் தோன்றவில்லை. முதலில் எதனைச் சோதிப்பீர்கள்? ஏன்?

2. ‘ஃபார்மட் செய்யலாமா?’ என்ற கேள்விக்கு எவ்வகை டிஸ்கில் இசையலாம்? எதில் இசையலாகாது?

3. ‘டக், டக்’ என்ற ஓசை கேட்டவுடன் செய்ய வேண்டுவது யாது?

4. உங்கள் சங்கக் கணக்கு இன்று எத்தனை பிரதிகளாக, எங்கெங்கே இருக்கிறது? அடுத்த கூட்டத்தில் கேட்டு விடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.